விவியன் ரிச்சர்ட்ஸின் 1976

டெஸ்ட் கிரிக்கெட்டில் ஒரே நாட்காட்டி ஆண்டுக்குள் மிக அதிக ரன் குவித்தவர் பாகிஸ்தானின் முகமது யூசுப். 2006-ல் அவர் எடுத்தது 1,788. அந்த ஆண்டு நவம்பர் இறுதியில் கராச்சியில் தொடங்கிய டெஸ்டின் இரண்டாவது இன்னிங்ஸில் அவர் கடந்து சென்றது 1,710 என்ற எண்ணை. முப்பது ஆண்டுகளாக அதை யாரும் எட்டியிருக்கவில்லை. 1976-ல் அதை எழுதிவைத்தவர் ஆன்டிகுவா தீவின் விவியன் ரிச்சர்ட்ஸ். சாதனைப் பட்டியல் பெரிய எண்ணைத்தான் மேலே வைக்கும். அதில் தவறு இல்லை. ஆனால் ஒரு மட்டையாளரின் ஓராண்டை எடைபோட ரன்களின் கூட்டுத்தொகை மட்டும் போதுமா? அந்த ரன்கள் எந்த வரிசையில் வந்தன, யாருடைய பந்தில் வந்தன, அவை வந்தபோது அவருடைய அணி எப்படி இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், டெஸ்ட் வரலாற்றில் ஒரு மட்டையாளருக்கு வாய்த்த ஆண்டுகளில் ரிச்சர்ட்ஸின் 1976-ஐயே முதலில் வைக்க வேண்டும். ஒருவருடைய ரன் வரிசையைத் தொடர்ந்து படித்தாலே ஓர் அணியின் வீழ்ச்சியும் எழுச்சியும் தெரியும்படி அமைந்த வேறொரு ஆண்டை என்னால் காட்ட முடியவில்லை.

முதலில் இந்தச் சாதனையின் இயல்பைப் பார்த்துவிடலாம். ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை என்பது பஞ்சாங்கம் போட்ட கோடு. கிரிக்கெட்டின் பருவங்களுக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆஸ்திரேலியாவில் ஒரு தொடர் நடந்தால் அது இரண்டு ஆண்டுகளில் பாதி பாதியாக விழுந்துவிடும். கப்பலில் வாரக்கணக்கில் பயணம் செய்து ஆடிய காலத்தில் ஓர் ஆண்டில் கிடைக்கும் டெஸ்டுகளே குறைவு. 1902-ல் ஆஸ்திரேலியாவின் கிளெம் ஹில் 1,060 ரன் எடுத்து, ஓர் ஆண்டில் ஆயிரத்தைத் தாண்டிய முதல் மட்டையாளர் ஆனார். அடுத்தவர் வர 1947 ஆயிற்று. அவர் இங்கிலாந்தின் டெனிஸ் காம்ப்டன். இடையில் பிராட்மேனின் பொற்காலம் முழுவதும் கழிந்துவிட்டது. 1930-ல் இங்கிலாந்தில் ஐந்தே டெஸ்டுகளில் 974 ரன் எடுத்தவர் அவர். அந்தத் தொடர் சாதனை இன்றும் நிற்கிறது. அப்படிப்பட்டவருக்கே ஓர் ஆண்டில் ஆயிரம் என்பது 1948-ல்தான் கைகூடியது. 1964-ல் பாப் சிம்சன் 1,381 எடுத்தார். 1974-ல் டென்னிஸ் அமிஸ் 1,379-ல் நின்று, இரண்டே ரன்னில் அதைத் தவறவிட்டார். ரிச்சர்ட்ஸ் தாண்டியது சிம்சனின் எண்ணை. அதுவும் 329 ரன் வித்தியாசத்தில்.

இதைக் காட்டி, ஆண்டுச் சாதனை என்பது போட்டி அட்டவணை கொடுக்கும் பரிசுதான், அதிக டெஸ்ட் ஆடுகிறவருக்கு அதிக ரன் கிடைக்கும், அதில் வியக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. பழைய காலத்துக்கு அந்த வாதம் பொருந்தும். பிற்காலத்துக்குப் பொருந்தாது. சுனில் கவாஸ்கர் 1979-ல் 18 டெஸ்ட் ஆடி 1,555 ரன் எடுத்தார். கிரேம் ஸ்மித் 2008-ல் 15 டெஸ்டில் 1,656. ஜோ ரூட் 2021-ல் 15 டெஸ்டுகளில் 29 முறை மட்டை பிடித்து 1,708 எடுத்தார். காலேயில் 228, சேப்பாக்கத்தில் தம் நூறாவது டெஸ்டில் 218 என்று பிரமாதமாகத் தொடங்கிய ஆண்டு அது. அப்படியும் ரிச்சர்ட்ஸுக்கு இரண்டு ரன் பின்னால்தான் முடிந்தது. ரிச்சர்ட்ஸும் யூசுபும் ஆடியதோ ஆளுக்கு 11 டெஸ்ட், 19 இன்னிங்ஸ். பட்டியலின் முதல் இரண்டு இடங்களில் இருப்பவர்கள் இந்த மூவரைவிடக் குறைவாக ஆடியவர்கள். ரிச்சர்ட்ஸ் அந்த 19 முறையும் ஆட்டமிழந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ஆட்டமிழக்காத இன்னிங்ஸ் ஒன்றுகூட இல்லாமல் அவருடைய சராசரி சரியாக 90. கடைசிவரை நின்று சராசரியை ஏற்றிக்கொள்ளும் வாய்ப்பு அவருக்கு ஒருமுறைகூட அமையவில்லை.

1976 பிறந்தபோது வெஸ்ட் இண்டீஸ் ஆஸ்திரேலியாவில் அடிவாங்கிக்கொண்டிருந்தது. முதல் உலகக் கோப்பையை 1975 ஜூனில் வென்ற அணி, ஆறே மாதத்தில் லில்லி, தாம்சன் இருவரின் வேகத்துக்கு முன்னால் குலைந்துபோனது. தொடர் 5-1 என்று முடிந்தது. அந்தத் தொடரின் முதல் மூன்று டெஸ்டுகளில் ரிச்சர்ட்ஸ் ஐந்து இன்னிங்ஸில் எடுத்தது 101 ரன்தான். அதுவரை அவர் கணக்கில் இருந்த ஒரே டெஸ்ட் சதம், 1974-ல் டெல்லியில் எடுத்த ஆட்டமிழக்காத 192. திறமை உண்டு, நிலைத்தன்மை இல்லை என்று பெயர் வாங்கியிருந்த பல கரீபிய இளைஞர்களில் அவரும் ஒருவர். ஜனவரியில் சிட்னியில் 44, 2 என்று போனார். அதன் பிறகு கேப்டன் கிளைவ் லாயிட் அவரைத் தொடக்க ஆட்டக்காரராக அனுப்பினார். அணியே துவண்டு கிடந்த நேரத்தில், உலகின் மிக வேகமான புதுப்பந்தின் முன்னால் ஓர் இளைஞனை நிறுத்துவது சூதாட்டம் போன்றது. அடிலெய்டில் 30, 101. மெல்போர்னில் 50, 98. மூன்று டெஸ்டுகளும் தோல்வி. ஆனால் 325 ரன் சேர்ந்துவிட்டது. அந்த ரன்களால் தொடர் மாறவில்லை. தலைக்கவசம் என்ற பொருளே டெஸ்ட் களத்துக்கு வராத காலத்தில், தலைக்கு வரும் பந்தைத் தொப்பியோடு நின்று அடிக்க முடியும் என்பது மாத்திரம் உறுதியாயிற்று. அந்தத் தொப்பியை அவர் கடைசிவரை மாற்றவே இல்லை.

மார்ச்சில் பிஷன் பேடியின் இந்திய அணி கரீபியத் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ரிச்சர்ட்ஸுக்கு அந்த மாதம் 7-ஆம் தேதி 24 வயது நிறைந்தது. சில நாளில் பார்படாஸின் பிரிட்ஜ்டவுனில் 142. இந்திய அணியில் வேகப்பந்து பெயருக்குத்தான் இருந்தது, ஆகவே இந்த ரன்களை அதிகம் மதிக்க வேண்டாம் என்று எழுதியவர்கள் உண்டு. அவர்கள் போர்ட் ஆஃப் ஸ்பெயின் ஆட்டங்களின் ஸ்கோர் அட்டையைப் புரட்டிப் பார்க்க வேண்டும். பேடி, சந்திரசேகர், நம்மூர் வெங்கட்ராகவன் என்று இந்தியாவிடம் அன்று இருந்தது உலகின் மிகச் சிறந்த சுழல் படை. 1974-ல் பெங்களூரில் அறிமுக டெஸ்டில் ரிச்சர்ட்ஸை இரண்டு இன்னிங்ஸிலும் ஒற்றை இலக்கத்தில் வெளியேற்றியவர் சந்திரசேகர்தான். பந்து திரும்பும் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் அதே பந்துவீச்சுக்கு எதிராக, இரண்டாவது டெஸ்டில் வெஸ்ட் இண்டீஸ் முதல் இன்னிங்ஸில் எடுத்த மொத்தம் 241. அதில் ரிச்சர்ட்ஸின் பங்கு 130. மற்ற பத்துப் பேரும் உதிரிகளும் சேர்ந்து 111. மழையால் கயானாவிலிருந்து மாற்றப்பட்டு அதே திடலில் நடந்த மூன்றாவது டெஸ்டில், சந்திரசேகர் ஆறு விக்கெட் எடுத்த இன்னிங்ஸில், 359-க்கு 177. நூற்றுக்கு ஐம்பது பங்கு சுமையை ஒருவரே தூக்கிய இன்னிங்ஸ்கள் இவை. சுழலுக்கு எதிரான தேர்வில் அன்று இதைவிடக் கடினமான கேள்வித்தாள் உலகில் எங்கும் இல்லை.

அந்த மூன்றாவது டெஸ்ட்தான் ஆண்டின் திருப்புமுனை. வெஸ்ட் இண்டீஸ் மூன்று சுழற்பந்து வீச்சாளர்களோடு இறங்கியது. லாயிட் இரண்டாவது இன்னிங்ஸை டிக்ளேர் செய்து 403 ரன் இலக்கு வைத்தார். கவாஸ்கர் 102, விஸ்வநாத் 112, மொஹிந்தர் அமர்நாத் 85. இந்தியா நான்கே விக்கெட் இழந்து 406 எடுத்து வென்றது. நான்காவது இன்னிங்ஸில் அவ்வளவு பெரிய இலக்கை அதற்கு முன் எட்டியது 1948-ல் லீட்ஸில் ஆஸ்திரேலியா மட்டுமே. மூன்று சுழற்பந்து வீச்சாளர்களால் நானூறைக் காப்பாற்ற முடியவில்லை என்றதும் லாயிட் ஒரு முடிவுக்கு வந்தார். அடுத்த டெஸ்ட் கிங்ஸ்டனில். அங்கே வேகப்பந்து மழை; காயங்களால் ஆட ஆளில்லாமல் இந்தியாவின் இரண்டாவது இன்னிங்ஸ் 97-ல் முடிந்துபோனது. பத்து விக்கெட் வெற்றி, தொடர் 2-1. அந்த ஆட்டத்தின் கொடூரத்தை நியாயப்படுத்த வேண்டியதில்லை. பேடி அப்போதே வெளிப்படையாகக் கண்டித்தார், அது சரியான கண்டனம். என்றாலும் நான்கு வேகப்பந்து வீச்சாளர்கள் என்ற சூத்திரம், பின்னர் இருபது ஆண்டுக் கிரிக்கெட்டை ஆண்ட சூத்திரம், அந்த வாரத்தில்தான் உருப்பெற்றது. ரிச்சர்ட்ஸின் 177 வீணானதால் வந்த பாடம் அது.

அடுத்தது இங்கிலாந்து. 1976-ன் கோடை இங்கிலாந்து கண்ட மிகக் கடுமையான வறட்சிகளில் ஒன்று. தண்ணீர்ப் பஞ்சத்தைக் கவனிக்கத் தனி அமைச்சரையே நியமித்தார்கள். தொடர் தொடங்கும் முன் இங்கிலாந்து கேப்டன் டோனி கிரெய்க் தொலைக்காட்சிப் பேட்டியில், இந்த வெஸ்ட் இண்டீஸ்காரர்களை மண்டியிட்டுத் தவழ வைக்கப்போகிறோம் என்ற பொருளில் பேசினார். கிரெய்க் தென்னாப்பிரிக்காவில் பிறந்து வளர்ந்த வெள்ளையர். நிறவெறி ஆட்சி உச்சத்தில் இருந்த காலம். லார்ட்ஸ் டெஸ்ட் தொடங்குவதற்கு முந்தைய நாள், ஜூன் 16 அன்று, சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் மீது போலீஸ் சுட்டது. பிரிட்டனில் குடியேறிய கரீபியர்கள் வேலையிலும் வீட்டு வாடகையிலும் தினந்தோறும் அவமானங்களைச் சந்தித்துவந்தார்கள். அடிமைகளின் பேரன் பேத்திகளைப் பார்த்துத் தவழச் சொன்னால் அது எப்படிக் கேட்கும் என்று கிரெய்க் யோசிக்கவில்லை. ஆனால் அவர் பேச்சுக்குப் பின்னால் ஒரு கிரிக்கெட் கணக்கும் இருந்தது. நெருக்கடி வந்தால் கரீபியர்கள் உடைந்துபோவார்கள் என்ற பழைய எண்ணம். ஆஸ்திரேலியாவின் 5-1 அதற்குக் கண்முன் இருந்த ஆதாரம். அந்தத் தோல்விகளின் நடுவே ஜனவரியிலேயே ஒருவர் உடையாமல் நின்றிருந்தார் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

நாட்டிங்ஹாமில் முதல் டெஸ்டிலேயே ரிச்சர்ட்ஸ் 232. காளிச்சரணுடன் சேர்ந்து மூன்றாவது விக்கெட்டுக்கு 303. இரண்டாவது இன்னிங்ஸில் 63. லார்ட்ஸ் டெஸ்டை உடல்நலக் குறைவால் தவறவிட்டார். ஓல்டு டிராஃபோர்டில் எகிறும் ஆடுகளம். வெஸ்ட் இண்டீஸ் 211, அதில் கார்டன் கிரீனிட்ஜ் மட்டும் 134. பதிலுக்கு இங்கிலாந்து 71-ல் சுருண்டது. முதல் இன்னிங்ஸில் 4 ரன்னில் வெளியேறிய ரிச்சர்ட்ஸ் இரண்டாவதில் 135 எடுத்தார். 425 ரன் வித்தியாசத்தில் வெற்றி. ஹெடிங்லியில் 66, 38. ஆகஸ்டில் ஓவல் திடலில் 291, அவர் வாழ்நாளின் உச்ச ஸ்கோர். ஆட்டமிழக்கச் செய்தவர் கிரெய்க்தான். தெற்கு லண்டனின் கரீபியக் குடும்பங்கள் திரண்டிருந்த அந்தத் திடலில், தொடர் கைநழுவிப்போன நேரத்தில், கிரெய்க் ரசிகர்கள் முன்னால் தாமே தரையில் தவழ்ந்து காட்டித் தம் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தொடர் 3-0. நான்கே டெஸ்டில் ரிச்சர்ட்ஸ் எடுத்தது 829.

எதிர்வாதங்களில் கனமானது, இங்கிலாந்து அணி வயதாகித் தளர்ந்துபோயிருந்தது என்பது. உண்மைதான், 45 வயது பிரையன் குளோஸையும் 39 வயது ஜான் எட்ரிச்சையும் தொடக்க ஆட்டக்காரர்களாக நிறுத்தும் நிலைக்கு வந்திருந்தார்கள். (அந்தக் குளோஸ்தான் சாமர்செட் கவுண்டி அணியில் ரிச்சர்ட்ஸின் கேப்டன், அவருடைய அஞ்சாமையைப் பார்த்து வளர்ந்தவர் ரிச்சர்ட்ஸ்.) ஆனால் தளர்ந்திருந்தது மட்டை. ஜான் ஸ்னோ, டெரக் அண்டர்வுட், தொடரின் பிற்பகுதியில் பாப் வில்லிஸ் என்று பந்து பிடித்தவர்கள் இங்கிலாந்தின் எல்லாக் காலத்துப் பட்டியலிலும் இடம்பெறக்கூடியவர்கள். காய்ந்த ஆடுகளம் மட்டையாளருக்குச் சாதகம் என்பதை ஓவலுக்கு மட்டும் ஒப்புக்கொள்ளலாம். அங்கே அமிஸும் 203 எடுத்தார். ஓல்டு டிராஃபோர்டுக்கு அது செல்லாது. இன்னொரு வாதம் நாட்காட்டி பற்றியது. மோசமாக ஆடிய மூன்று டெஸ்டுகள் 1975-ல் விழுந்ததால்தான் 1976 இவ்வளவு பளபளக்கிறது என்பார்கள். சரி, அவற்றையும் சேர்த்தே பார்ப்போம்: 14 டெஸ்ட், 1,811 ரன், சராசரி 75-க்கு மேல். சரிவு தெரிகிறது, ஆனால் படம் மாறவில்லை. மறுபுறம், ஆகஸ்ட் 17-க்குப் பிறகு அந்த ஆண்டில் வெஸ்ட் இண்டீஸுக்கு டெஸ்டே இல்லை. ஜனவரி 3-ல் தொடங்கி எட்டு மாதத்துக்கும் குறைந்த காலத்தில் எடுத்த ரன்கள் இவை. நாட்காட்டி அவருக்குக் கொடுத்தது உண்டென்றால், எடுத்துக்கொண்டதும் உண்டு.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு மறுப்பு. வெஸ்ட் இண்டீஸ் எழுந்தது ராபர்ட்ஸ், ஹோல்டிங், டேனியல், ஹோல்டர் போன்றவர்களின் வேகத்தால். ரிச்சர்ட்ஸ் அந்த எழுச்சியின் அலங்காரம்தான் என்பது. ஓவலின் உயிரற்ற ஆடுகளத்தில் ஹோல்டிங் 149 ரன் கொடுத்து 14 விக்கெட் எடுத்ததைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்வதில் வியப்பில்லை. ஆனால் வேகப்பந்து வீச்சாளருக்கு இரண்டு பொருள் வேண்டும்: முதுகுக்குப் பின்னால் பெரிய ஸ்கோர், கையில் போதிய நேரம். ரன்னை மெதுவாகச் சேர்க்கும் அணியால் இரண்டையும் ஒருசேரக் கொடுக்க முடியாது. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே வரும் பந்தைக் குறுக்கே இழுத்து மிட்-விக்கெட்டுக்கு அடிக்கும் ரிச்சர்ட்ஸின் முறை, பாடப்புத்தகம் தடுத்த முறை. அது களவியூகத்தையே கலைத்துவிடும். ஓவலில் 687 ரன் எடுத்து டிக்ளேர் செய்த பிறகும் இங்கிலாந்தை இருமுறை வீழ்த்த நேரம் மிஞ்சியது என்றால் காரணம் அந்த வேகம்தான். ஆட்ட முடிவுகளோடு வைத்துப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். அந்த 11 டெஸ்டுகளில் தோற்றவை நான்கு. அவற்றில் அவர் எடுத்தது 525. டிரா ஆன இரண்டில் 445. வென்ற ஐந்தில் 740. ஆண்டின் முதல் மூன்று டெஸ்டும் தோல்வி, கடைசி மூன்றும் வெற்றி. இரண்டு முனையிலும் அவர் ரன் எடுத்தார். அவர் மட்டும் ஆடியபோது அணி தோற்றது. வேகப்பந்து சேர்ந்ததும் அதே ரன்கள் வெற்றிகளாயின.

யூசுபின் 2006-ஐக் குறைத்துப் பேசுவது என் நோக்கம் இல்லை. ஒன்பது சதங்கள், அதற்கு முன் ரிச்சர்ட்ஸும் 1997-ல் இலங்கையின் அரவிந்த டி சில்வாவும் எடுத்த ஏழுதான் உச்சம். லார்ட்ஸில் 202, ஹெடிங்லியில் 192, ஓவலில் 128, அதன்பின் சொந்த மண்ணில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக 192, 191, 102, 124. இவ்வளவு நிதானமான, இவ்வளவு அழகான ரன் குவிப்பை அந்தத் தலைமுறை வேறெங்கும் பார்க்கவில்லை. ஆனால் பாகிஸ்தான் அந்த ஆண்டில் இந்தியாவையும் வெஸ்ட் இண்டீஸையும் வென்றது, இங்கிலாந்திடம் தோற்றது. ஓவல் டெஸ்ட், பந்தைச் சேதப்படுத்தியதான குற்றச்சாட்டைத் தொடர்ந்து எழுந்த சர்ச்சையில், இங்கிலாந்துக்கு வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டு உலகக் கோப்பையின் முதல் சுற்றிலேயே அணி வெளியேறியது. அந்த ரன்கள் ஒரு மாமனிதரின் தனிச் சாதனையாக நின்றன. ரூட்டின் 2021 இன்னும் தெளிவான எடுத்துக்காட்டு: 1,708 ரன் எடுத்த கேப்டனின் அணி அந்த ஆண்டு ஒன்பது டெஸ்டுகளில் தோற்றது.

ரிச்சர்ட்ஸின் ஆண்டு சென்று சேர்ந்த இடம் வேறு. தீவுகளின் அரசியல் கூட்டமைப்பு 1962-லேயே கலைந்துவிட்டது. ஜமைக்காவும் டிரினிடாடும் பார்படாஸும் கயானாவும் தனித்தனிக் கொடியோடு பிரிந்துவிட்டன. ஆன்டிகுவா 1976-ல் இன்னும் பிரிட்டனின் ஆளுகையில்தான் இருந்தது. அவர்கள் ஒன்றாக நின்ற ஒரே பொது மேடை கிரிக்கெட் அணி. சிரித்துக்கொண்டே ஆடி, சிரித்துக்கொண்டே தோற்பவர்கள் என்ற பெயரோடு அந்த ஆண்டுக்குள் நுழைந்த அணி, அஞ்சத்தக்க அணியாக வெளியேறியது. 1980 மார்ச்சில் நியூசிலாந்தில் தோற்ற தொடருக்குப் பிறகு, 1995 மே மாதம் ஆஸ்திரேலியாவிடம் இழக்கும்வரை, பதினைந்து ஆண்டுகள் அது ஒரு டெஸ்ட் தொடரைக்கூடத் தோற்கவில்லை. 1981-ல் ஆன்டிகுவாவில் முதல் டெஸ்ட் நடந்தபோது, அதிலும் ரிச்சர்ட்ஸ் சதம் அடித்தார். 1984-85 முதல் 1991 வரை அவர் கேப்டனாக இருந்த காலத்தில் வெஸ்ட் இண்டீஸ் ஒரு டெஸ்ட் தொடரையும் இழக்கவில்லை.